சொல்லாமல் நடந்த ஏலம்

அவருக்குப் பல்லாண்டு என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் தெரியாது. பல் செட் செய்து கொடுக்கிறவருக்கு அந்தப் பெயர் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியதால், வீட்டில் வைத்த பெயர் மெல்ல மெல்ல உதிர்ந்துபோயிற்று. தபால்காரர்கூடப் பல்லாண்டு என்றுதான் கூப்பிடுவார். மனைவி மட்டும் எப்போதும் போல ‘என்னங்க’.

பல் பிடுங்குவது அவர் வேலை இல்லை. அது டாக்டர்கள் பாடு. அவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பினால், அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை அச்சு எடுப்பார். அச்சின் மேல் மெழுகு கட்டி, பல் பல்லாக நட்டு, ஈறு நிறத்தில் ஒரு மாவைக் குழைத்து அடைத்து, வேகவைத்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அனுப்புவார். நாள் முழுக்கத் தேய்க்கிற அந்த ரோஜா நிறத் தூள் புருவத்தில் படிந்து, சாயங்காலம் பார்த்தால் யாரோ கல்யாணத்துக்கு அலங்காரம் செய்துவிட்ட மாதிரி இருப்பார். முகம் பார்த்தால் ஆள் மறந்துபோகும். தாடையைக் காட்டினால் பூர்வோத்திரமே சொல்லிவிடுவார். தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால், “ஊரு மென்னு தின்னாதான் நாம திங்க முடியும்” என்பார்.

டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற வீடு அது. கீழே முன் அறை பட்டறை, பின்னால் சமையலறை. செங்குத்தான படி ஏறினால் மேலே இரண்டு அறைகள். சம்பாத்தியம் எல்லாம் அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறிக் கட்டிடமானது. பிள்ளை குட்டி இல்லை. மனைவியின் தம்பியைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீடே கதி என்று வந்தவன், அந்த மேல் அறையில்தான் படித்தான், அங்கிருந்துதான் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போனான்.

அவன் அட்டைப்பெட்டி செய்கிற மெஷின் ஒன்று போட்டபோது பேங்க் ஜாமீன் கேட்டது. வீட்டைத்தான் காட்ட வேண்டியிருந்தது. “ஒரு கையெழுத்துதான் மாமா” என்று வந்து நின்றான். மனைவி சமையலறை வாசலில் நின்று கழுவிய தட்டு ஒன்றையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் பல்லாண்டு கையெழுத்துப் போட்டார். தம்பிக்கு இல்லை என்று சொன்னால் இவள் வாயால் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள், ஆனால் தட்டைத் துடைப்பதை நிறுத்தவும் மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. பெட்டி வாங்கிய பிஸ்கட் கம்பெனி திடீரென்று பிளாஸ்டிக்குக்கு மாறியது. அதோடு சரி. மைத்துனன் தவணை கட்ட முடியாமல் திணறி, பிறகு அக்கா வீட்டுப் பக்கமே வராமல் போனான். தெருவில் அக்காவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவான். பல்லாண்டு பல்லைக் கடித்துக்கொண்டு தன்னால் ஆனதைக் கட்டிப் பார்த்தார். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

கடைசியில் ஏலம் என்று வந்தது. கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒருவர் ஒலிபெருக்கியோடு தெருவில் நின்று, வீட்டின் நீள அகலத்தை எல்லாம் வாசித்தார். டயர் கடைக்காரர் தன் ரேடியோவை அணைத்தார். மரியாதைக்காகத்தான் அணைத்தார், ஆனால் அதனால் ஒலிபெருக்கி இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஏலத்தன்று பல்லாண்டு பேங்குக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். தன் வீடு விற்கப்படுவதைத் தானே போய் ஏன் பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டதற்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. போட்ட நாற்காலிகள் போட்டபடியே கிடந்தன. கேட்க ஓர் ஆள்கூட வரவில்லை. அதிகாரி ஜன்னலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏலம் தள்ளிவைக்கப்படுகிறது, அடுத்த தேதி பிறகு அறிவிக்கப்படும் என்று சொல்லிக் கோப்பை மூடினார். பல்லாண்டு குடையை விரிக்கவும் மறந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, “மழை காப்பாத்திடுச்சு” என்றார். அடுத்த தேதி வருவதற்குள் நாலு டாக்டர்களிடம் முன்பணம் கேட்டு, மெஷினையும் விற்கச் சொல்லி, எப்படியாவது பேங்கோடு பேசி முடித்துவிடலாம் என்று புருஷனும் மனைவியும் கணக்குப் போட்டார்கள்.

தேதி வரவில்லை. ஆள்தான் வந்தார்.

ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் அளவு நாடா. பட்டன் வைத்த வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பிறகு தெரிந்தது. “இந்த வீட்டை ஏலத்துல நான் வாங்கியிருக்கேன். உள்ள பாக்கலாங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். பல்லாண்டு கையில் இருந்த மெழுகு ஆறிக் கல்லாகிப் போனது. வேறு வீட்டுக்கு வந்துவிட்டார் போல என்று மனைவி நினைத்தாள். நர்ஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். நாலு நாளைக்கு முன்னால் ஏலம் நடந்து முடிந்திருந்தது.

அவரைத் துரத்த இருவருக்கும் தெரியவில்லை. நர்ஸ் படியில் பாதி ஏறி, முழங்கால் வலியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு, அப்போது ஆஸ்பத்திரி குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கேயே இருந்துவிட்டேன் என்று அவர் தன்பாட்டுக்குச் சொன்னார். அங்கிருந்தே மேலே எட்டிப் பார்த்து, அந்த அறையில் கட்டில் போட்டால் காலை வெயில் காலில் விழும் என்றும் சொன்னார். அவர் போன பிறகு மனைவி, “வயித்தெரிச்சலா இருக்குங்க. திட்டலாம்னு பாத்தா திட்டவும் வாய் வரல” என்றாள்.

அந்த ஏலம் செல்லாது என்று புருஷனும் மனைவியும் வழக்குப் போட்டார்கள். கிடைத்த வக்கீல் நல்ல மனிதர், கம்பீரமான குரல். இந்த ஏழைத் தொழிலாளி எத்தனை பேரைச் சிரிக்க வைத்தவர், அவரை அழ வைக்கலாமா என்று அவர் பேசியபோது கோர்ட் சேவகரே கண்ணைத் துடைத்தார். நீதிபதியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இரக்கம் வேறு சட்டம் வேறு என்று எழுதிவிட்டார். ஏலம் நடக்கப்போவது வீட்டுக்காரருக்குத் தெரியும். இரண்டாவது ஏலத்துக்கும் நோட்டீஸ் ஒட்டியதாகப் பேங்க் சிப்பந்தி சத்தியம் செய்கிறார். ஆகவே விற்பனை செல்லும், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு.

வீட்டுக்கு வந்த மறுநாளே மனைவி அலமாரியில் இருந்த தாடை அச்சுகளைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். துணிமணி, பாத்திரம் எதையும் தொடவில்லை. ஏன் இதை முதலில் எடுக்கிறாய் என்றார். உடையக்கூடியதைத்தானே முதலில் கட்ட வேண்டும் என்றாள். பல்லாண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சுற்ற ஆரம்பித்தார். ஊரில் பாதிப் பேரின் வாய் அன்றைக்குப் பேப்பருக்குள் போயிற்று.

அந்த நேரத்தில் மைத்துனன் வந்தான். வெகுநாள் கழித்து வருகிறவன், இளைத்துக் கறுத்து, வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றான். உள்ளே வரவில்லை. மேல்கோர்ட்டில் அப்பீல் செய்யலாம், நான் நாலு இடம் விசாரித்துவிட்டேன், ஓர் அம்மா இருக்கிறார், கேஸ் நிற்காது என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாராம், ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று பேசியும் வைத்திருக்கிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பல்லாண்டு அச்சைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வசவு கொஞ்ச நஞ்சம் இல்லை. ஆனால் பையனின் சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கியதைப் பார்த்ததும் கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தார்.

“உள்ள வா மாப்ளே. வாசல்ல நின்னு பேசுறதுக்கு நீ என்ன வசூலுக்கா வந்திருக்க?” என்றார்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்து, அக்கா கொடுத்த சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டான். அந்த ஒரு வேளைக்காகவே இந்தக் கேஸ் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை என்று மனைவி பின்னாளில் சொல்வதுண்டு. பல்லாண்டு அந்த அளவுக்குப் போகமாட்டார்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் மருந்துக்கடை மாடியில் இருந்தது. தூசி ஆகாத உடம்பு. பிழைப்போ தூசி படிந்த கேஸ் கட்டுகளோடு. ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும்போதும் அடுக்குத் தும்மல் போட்டார். அப்பீல் என்றால் முதலிலிருந்து கதை சொல்வது இல்லை, கீழ்க்கோர்ட் எந்த இடத்தில் சறுக்கியது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்றார். அழுகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும் சொன்னார். பிறகு நடந்ததை எல்லாம் கேட்டார். பல்லாண்டு பிஸ்கட் கம்பெனி, ஒலிபெருக்கி, மழை என்று ஒன்று விடாமல் சொன்னார். மழைக்கு வந்ததும் வக்கீலம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அன்னிக்குத் தள்ளி வச்சாங்க. சரி. அடுத்த தேதிய உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா.”

“நோட்டீஸ் ஒட்டுனதா பேங்க்ல சொல்றாங்களே?”

“நான் நாள் முழுக்க அந்தக் கதவுக்கு நேரா உக்காந்துதானே பல்லு தேய்க்கிறேன். ஒட்டியிருந்தா தெரியாமலா போகும்?”

“சரி, உங்களுக்குச் சொல்லல. அப்ப அந்த நர்ஸுக்கு யார் சொன்னா?”

பல்லாண்டு மைத்துனனைப் பார்த்தார், மைத்துனன் அவரைப் பார்த்தான். இத்தனை வாய்தாவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. பழைய வக்கீல் கேட்கவில்லை, நீதிபதி கேட்கவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை. வக்கீலம்மா பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டு, தள்ளிவைத்த ஏலத்தை மறுபடி நடத்தினால் மறுபடி ஊரறியச் சொல்லவேண்டும், சொல்லாமல் நடந்தது ஏலமே இல்லை, இதுதான் நம் அப்பீல் என்றார். முதல் வேலையாக வீட்டைக் காலி செய்வதற்குத் தடையுத்தரவு வாங்கினார். அன்று சாயங்காலம் தாடை அச்சுகள் பேப்பரிலிருந்து வெளியே வந்து பழையபடி அலமாரியில் உட்கார்ந்தன.

அப்பீல் விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மேல்கோர்ட் உயரமான கூரை போட்ட பெரிய ஹால். இரண்டு நீதிபதிகள். நர்ஸ் இரவு வேலை முடித்து அப்படியே வந்திருந்தார் போல. முன் பெஞ்சில் தன் வக்கீலுக்குப் பின்னால் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டீஸ் ஒட்டினோம் என்று பேங்க் தரப்பு பழைய பாட்டையே பாடியது. அப்படியானால் வாங்கியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார் வக்கீலம்மா. அப்பீலில் புதிதாகச் சாட்சி விசாரிப்பதா என்று நர்ஸின் வக்கீல் எழுந்து மறுத்தார். இரண்டு நீதிபதிகளும் தலையைச் சேர்த்து மெல்லப் பேசிவிட்டு, விஷயமே அதில்தான் இருக்கிறது, கேட்கலாம் என்றார்கள்.

நர்ஸ் கூண்டில் ஏறினார். “இரண்டாவது ஏலம் நடக்கப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று வக்கீலம்மா கேட்டார்.

நர்ஸ் தன் வக்கீலைப் பார்த்தார். அவர் கோப்புக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார். கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை என்று நிரூபிக்க யாராலும் முடியாது. பல்லாண்டுக்கு அது புரிந்தது, நர்ஸுக்கும் புரிந்திருக்கும்.

“போன் வந்துச்சு” என்றார் நர்ஸ். “பேங்க் ஆபீசர்தான் பண்ணார். அவரோட அப்பாவக் கடைசிக் காலத்துல நான்தான் பாத்துக்கிட்டேன். அந்த நன்றிக்கு எனக்கு ஏதாவது செய்யணும்னு சொல்லிக்கிட்டே இருப்பார். ஒரு வீடு மலிவா வருது, வேற யாருக்கும் சொல்லல, நீங்க மட்டும் வந்தா போதும்னார்.”

“ஏலத்துல வேற யார் இருந்தாங்க?”

“அவரும் நானும்தான். ஏலம்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடி நான் எதையும் ஏலத்துல வாங்கினதில்ல” என்றார்.

பல்லாண்டுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. ஆனால் அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பிலும் மருந்திலும் ஊறி ஊறிச் சுருங்கிய கைகள். தன் வாயாலேயே தன் வீட்டை இழந்துவிட்டு, அவர் கட்டையைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். எழுந்து போய்க் கைகொடுக்கலாமா என்று தோன்றியது. கோர்ட்டில் எதிர்க்கட்சிக்குக் கைகொடுக்கலாமோ கூடாதோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்தார். அதை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுவார்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு ரத்து. ஊரறிய அறிவிக்காமல் நடந்த விற்பனை செல்லாது. நர்ஸ் கட்டியதை வட்டியோடு பேங்க் திருப்பித் தரவேண்டும். கடன் கடன்தான், அதை அடைக்கப் பல்லாண்டுக்கு அவகாசம் தரப்படுகிறது. வாங்கியவரின் நேர்மையை இந்த நீதிமன்றம் பாராட்டுகிறது என்றும் ஒரு வரி இருந்தது. வக்கீலம்மா இதைப் படித்துச் சொல்லும்போது ஒரு தும்மல்கூட வரவில்லை. மைத்துனன் ஹாலுக்கு வெளியே தூணில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். அவன் மெஷினை விற்றான். பார்சல் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மாதாமாதம் கொண்டுவந்து கொடுத்தான். டாக்டர்கள் முன்பணம் தந்தார்கள். பேங்கும் இந்தத் தடவை உட்கார்ந்து பேசியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது போலக் கடனும் தேய்ந்தது.

தீர்ப்பு வந்த வாரமே பல்லாண்டும் மனைவியும் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கு நர்ஸைப் பார்க்கப் போனார்கள். நன்றி சொல்லும் விஷயத்தில் பல்லாண்டு சுத்த ஊமை. வழி நெடுக வார்த்தை தேடிக்கொண்டு போனார். ஒற்றை அறை. கட்டில், அடுப்பு, துணி, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று. நர்ஸ் கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு...” என்று பல்லாண்டு ஆரம்பித்தார்.

“சொல்ல வேண்டாம். உங்களுக்காக ஒண்ணும் செய்யல. கேட்டாங்க, சொன்னேன்” என்றார் நர்ஸ். “எனக்கு அந்த வீடு வேணும்னுதான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அந்த ஆபீசர வேற ஊருக்கு மாத்திட்டாங்க, நல்ல பையன், இப்ப என்கிட்ட பேசுறதில்ல. கோர்ட்டு என் நேர்மையப் பாராட்டுச்சாம். அதுல போய்க் குடியிருக்க முடியுமா?”

பல்லாண்டு தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் நியாயமான பேச்சு. மனைவிதான், மேல் அறையை நாங்கள் தருகிறோம், அங்கே வந்து இருங்கள் என்றாள். நர்ஸ் அவள் பக்கம் திரும்பினார். இன்னொருத்தர் இடத்தில் இருந்து இருந்து அலுத்துப்போயிற்று அம்மா என்றார். குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் அவள் அவள் இல்லை. மறுவாரம் தனியாகப் போனாள். நாளைக்கு உங்களுக்கு லீவாமே, ஆறாவது தெருவில் ஒரு வீடு விலைக்கு இருக்கிறதாம், வாருங்கள் பார்க்கலாம் என்றாள். நர்ஸ் வேண்டாவெறுப்பாகத்தான் கிளம்பினார். அந்த வீட்டில் ஈரம். அடுத்ததில் படி அதிகம். இன்னொன்றில் பக்கத்து வீட்டு நாய். இரண்டு பேருமாக ஊரையே சலித்தார்கள். நர்ஸுக்கு எதுவும் பிடிக்கவில்லை. மனைவிக்கு அவர் குறை சொல்கிற விதம் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து, “இன்னிக்கு எதுக்குக் குறை சொன்னாங்க தெரியுமா? கதவு கிறீச்சுங்குதாம். எண்ணெய் விட்டா போச்சு. எனக்கு அவங்களப் பாத்தா பாவமா இல்லைங்க, சிரிப்புதான் வருது” என்பாள். பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீலம்மா பார்த்துக் கொடுத்தார். இதற்கு ஃபீஸ் கேட்கவில்லை.

கடைசியில், பேக்கரிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி இல்லாத சின்ன வீடு ஒன்று அமைந்தது. காலை வெயில் வரவில்லை. மாலை வெயில் வந்தது. வேலை பார்க்கிறவரைக்கும் காலைதான் முக்கியம், இனி எனக்கு எதற்குக் காலை என்று நர்ஸே சொல்லிக்கொண்டார்.

குடிபோகிற அன்று மைத்துனன் பார்சல் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். மனைவி உள்ளே போய் அடுப்பு வைக்க இடம் பார்த்தாள். பல்லாண்டும் மைத்துனனும் நர்ஸின் இரும்பு அலமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, மூச்சு வாங்க, குறுகலான வாசலில் நுழைத்தார்கள். பல்லாண்டுக்கு இடுப்பு பிடித்தது. முதுகில் வேர்வை ஓடியது. ஆனால் அத்தனை வருஷத்தில் அன்றைக்குப் போல மனசு லேசாக இருந்த நாள் வேறு இல்லை. எவ்வளவு கனமாக இருந்தாலும் இன்னும் நாலு அலமாரி தூக்கலாம் போல இருந்தது.

நர்ஸ் ஊன்றுகோலோடு வாசலில் நின்று, இப்படித் திருப்புங்கள், அப்படிச் சாயுங்கள் என்று அதிகாரம் செய்தார். அலமாரியின் ஒரு மூலை வெள்ளையடித்த சுவர்ப் பக்கம் சாய்ந்தபோது குரல் உயர்ந்தது.

“பாத்து, பாத்து. உரசிடப் போகுது. என் சுவரு.”

சொல்லிவிட்டு அவரே அந்தச் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பல்லாண்டு அலமாரியை நெஞ்சோடு இழுத்துப் பிடித்து, “உரசாதும்மா” என்றார்.